பந்தியில் உட்காராமல் போன காரணம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரோஜா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனின் முட்டிவலி தேவலையா? மருமகனுக்கு ஷா ஆலாமில் வேலை கிடைத்துவிட்டதாமே, சந்தோஷம்.

கவிதாவின் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் மொய்க் கவரை உன் கையில் திணித்துவிட்டு, பந்திக்கு நிற்காமல் மண்டபத்துப் பக்கவாசல் வழியாகப் போய்விட்டேன். நீ பார்த்துவிட்டாய். நான்கு மாதமாக என் போனை நீ எடுக்காததற்கு அதுதான் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டே நாளைத் தள்ளினேன். நேற்று விசாலம் பேசினாள். என் கதையில் பாதியை உன் காதில் போட்டிருக்கிறாள். அதைக் கேட்டு நீயும் பத்து நாளாகச் சோறு, காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ஆட்டிறைச்சி சாப்பிடுகிறாயாம். "அவளுக்குக் கேட்டது எனக்கும் கேட்கும்" என்றாயாம். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே என்னை மடக்கிவிடுவாய். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கெழுதும் கிராணியையே மடக்கியவள் நீ. அதனால் எழுதுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள், முழுவதும் படி.

என் வயிறு இரண்டு வருடம் படுத்தியது உனக்குத் தெரியும். காலையில் சரியாக இருக்கும், மாலைக்குள் உப்பிப் பாவாடை நாடாவைத் தளர்த்தும்படி ஆகிவிடும். மாமியார் மிளகாயைக் குறை சொன்னார். வீட்டுக்காரர் தெருவோர ஒட்டுக்கடை ரொட்டி சானாயைக் குறை சொன்னார். ஊர் முழுவதும் சோற்றைக் குறை சொன்னது. டாக்டர் இரத்தம் எடுத்தார், ஈப்போவுக்கு அனுப்பிக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் செய்தார், எல்லாம் சுத்தம் என்று வந்தது. கோதுமை குடலை அரிக்கும் செலியாக் நோய்க்கான சோதனையையும் அப்போதே எடுத்துவிட்டார். ரொட்டி, சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்க வேண்டுமாம். நிறுத்திய பிறகு எடுத்தால், இருக்கும் நோயும் இல்லை என்று வந்துவிடலாம்.

அந்த நேரத்தில்தான் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்து இந்த முறையைச் சொன்னான். இறைச்சி, உப்பு, தண்ணீர், வேறு எதுவும் கிடையாது. வயிறு அடங்கியதும் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது கெடுக்கிறது என்று பிடிப்பது. டாக்டருக்கு இது பிடிக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை ஒன்று இருக்கிறது, வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் போன்றவற்றை இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை நிறுத்தினால் போதும், சோறும் மீனும் முட்டையும் கேரட்டும் சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்றார். வெங்காயம் இல்லாமல் நம் வீட்டில் எது வேகிறது, பொறுக்கிப் பொறுக்கி விடுவதைவிட மொத்தமாக விடுவது எளிது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் நான்கே வாரம், முன்னும் பின்னும் இரத்தப் பரிசோதனை என்று கட்டுப்பாடு போட்டு விட்டார்.

தைப்பூசம் முடிந்து ஆரம்பித்தேன். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் சாப்பிடுவார்களாம். நம் வீட்டில் அது நுழையாது, ஆகவே ஆடு. கிலோ நாற்பது ரிங்கிட்டுக்கு மேல். நம் தோட்டத்தில் தீபாவளிக்கு முதல் நாள் உன் அப்பா ஆட்டை வெட்டிக் கூறு போடுவாரே, வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் தேக்கிலையில் சுற்றி அனுப்புவாரே, வருடத்துக்கு ஒரு முறை வாய்க்கும் அந்தக் கறியை மூன்று வேளையும் தின்ன நேர்ந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

மஞ்சள், இஞ்சி எதுவும் சேராமல் குக்கரைத் திறந்தால் அடிக்கும் ஆட்டு வாடை, மழையில் நனைந்த கம்பளியின் வாடை. மேலே ஆடையாகப் படியும் கொழுப்பை முதல் மூன்று நாளும் கரண்டியால் வழித்துக் கொட்டினேன். காப்பியை விட்டதால் தலைவலி ஒரு பக்கம், மூன்றாம் நாள் குமட்டலும் பேதியும் மறுபக்கம். அப்போதுதான் மகன் ஸ்டெஃபான்சன் கதையைச் சொன்னான். வடதுருவப் பக்கம் இனூயிட் மக்களோடு வாழ்ந்த ஆய்வாளர் அவர். 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் தொடங்கி, டாக்டர்களின் கண்காணிப்பில் ஒரு வருடம் முழுவதும் இறைச்சி மட்டுமே உண்டு காட்டினாராம். தொடக்கத்தில் கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சில நாளிலேயே என்னைப்போல் அவருக்கும் குமட்டல், பேதி. கொழுப்பைச் சேர்த்ததும் நின்றதாம். நானும் வழிப்பதை நிறுத்தினேன், எனக்கும் நின்றது.

பன்னிரண்டாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. ஐந்து மணி, சரோஜா! இரண்டு வருடத்தில் அந்த நேரத்துக்கு என் வயிறு அப்படி இருந்ததே இல்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

பதினைந்தாம் நாள் உன் வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழையும்போதே சாம்பார் மணம். ஒரு வாய் பட்டாலும் பதினைந்து நாளும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பயந்தேன். உன் எதிரே நின்று "உன் பெண் கல்யாணத்தில் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரே தூக்குச் சட்டியில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாம். உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை, மன்னித்துவிடு.

நான்கு வாரம் முடிந்து முதலில் சேர்த்தது சோறு. குழைய வேகவைத்த கஞ்சி, உப்பு மட்டும். முதல் வாய் நாக்கில் பட்டபோது அது இவ்வளவு இனிப்பா என்று இருந்தது. மூன்று நாள் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு மூன்று நாளுக்கு ஒன்றாகக் கேரட், மீன், முட்டை. மிளகாயும் நிரபராதி என்று தெரிந்த அன்று மாமியார் பேசவே இல்லை. ஒரு கிளாஸ் பால் குடித்தேன், இரண்டு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்றது. அடுத்தது வெங்காயம். அத்தனை வாரமும் மற்றவர்களுக்காக நான் உரித்துக்கொண்டிருந்த அதே சின்ன வெங்காயத்தில் ஐந்தை வதக்கி, ராத்திரிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். விடிவதற்குள் பழைய உப்புசம் முழுவதாகத் திரும்பிவிட்டது. ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தேன், அதே கதை. பூண்டும் அப்படியே.

வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்று ஒரு மாவுச்சத்து இருக்கிறதாம். மனிதக் குடல் யாருக்குமே அதைச் செரிப்பதில்லை. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். பலருக்கு அது தொந்தரவாகத் தெரியாது, என் போன்றவர்களுக்குத் தாங்காது. ஆனால் அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இப்போது பூண்டை எண்ணெயில் சிவக்கப் பொரித்துப் பற்களை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயிலேயே அப்போதே தாளிக்கிறேன். வாசனை அப்படியே வருகிறது, வயிறு பேசாமல் இருக்கிறது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒத்துக்கொள்கிறது.

விசாலம் சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான். அந்த நான்கு வாரத்தில் என் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு (LDL) 3.2 மில்லிமோலிலிருந்து 4.6க்கு ஏறியிருந்தது. டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டி, இதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம் என்றார். காய், சோறு, பருப்பில் கொஞ்சம் என்று திரும்பி இரண்டு மாதம் ஆன பிறகுதான் இறங்கியது. நான் இளைத்ததைப் பார்த்து நீ ஆசைப்பட்டிருந்தால், முதல் வாரத்தில் இறங்கியதில் பெரும்பகுதி உடம்பிலிருந்த தண்ணீர். எனக்குப் பிரச்சினை பாலும் வெங்காயமும் பூண்டும் மட்டுமே. டாக்டர் சொன்ன வழியிலேயே போயிருந்தால் ஆட்டு வாடை இல்லாமலே அது தெரிந்திருக்கும்.

உனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிக்லஸைட் போடுகிறாய். சோறு சாப்பிடுவாய் என்ற கணக்கில் கொடுத்த மாத்திரை அது. சோறே இல்லாமல் அதைப் போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி, நீ சமையலறையிலேயே விழுவாய். கை நடுங்குகிறதா? வியர்க்கிறதா? அப்படி வந்தால் உணவுக் கட்டுப்பாட்டை நினைக்காதே, உடனே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடி. சிறுநீரில் புரதம் போகிறது என்று போன வருடம் உன்னிடம் சொன்னார்கள், அந்தச் சிறுநீரகத்தின்மேல் மூன்று வேளை இறைச்சியை ஏற்றலாமா என்று யாரிடமாவது கேட்டாயா?

இன்னொன்று. உன் வயிற்றுக் கோளாறு, உன் இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிய மாதத்தில்தான் தொடங்கியது என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்த மாத்திரையே பலருக்கு உப்புசமும் பேதியும் கொடுக்கும். மெதுவாகக் கரையும் வகையும் அதில் உண்டு, பலருக்கு அது வயிற்றுக்குச் சாதுவாக இருக்கிறது. உன் வெங்காயம் ஒரு பாவமும் செய்யாமல் இருக்கலாம், சரோஜா. நாளைக்கே டாக்டரிடம் போ. நீயாக மாத்திரையை நிறுத்தவும் செய்யாதே.

இதைப் படித்து முடித்ததும் என் போனை எடு. மாத்திரை அட்டைகளில் அச்சிட்டிருக்கும் பெயரையும் மில்லிகிராமையும் அப்படியே படித்துச் சொல், காலையில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்றும் சொல். சனிக்கிழமை ஈப்போவில் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வருகிறேன். அன்று உன் வீட்டில் நான் சமைக்கிறேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து வை.

உன்,
பார்வதி