ஒழுகும் குடிநீர் நிப்பிள்களால் கோழிப்பண்ணையில் ஈ பெருகியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
முட்டைக்கோழிப் பண்ணையாளர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 2,000 நிப்பிள்களை மாற்றித் தரவும், ஏற்பட்ட செலவை ஈடுசெய்யவும் கோருதல்.

ஐயா,

கோழி அலகால் தொட்டால் மட்டும் தண்ணீர் சொட்ட வேண்டிய 2,000 நிப்பிள்களைக் கடந்த தை மாதம் உங்கள் நிறுவனத்திடம் வாங்கினேன். உங்கள் ஆட்களே வந்து எட்டு வரிசைகளிலும் பொருத்தினார்கள். சித்திரை பிறப்பதற்குள் அவை ஒழுகத் தொடங்கின. மூன்று முறை தொலைபேசியில் முறையிட்ட பிறகு வந்த உங்கள் பிரதிநிதி, கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "ஈ வந்தால் மருந்து அடியுங்கள் சார், நிப்பிளுக்கும் ஈக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோழியின் புது எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். என் கூண்டுகள் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருக்கின்றன. கீழே காற்று ஓடுவதால் எச்சம் விழ விழக் காய்ந்து, கூம்பு கூம்பாக நிற்கும். காய்ந்த எருவில் ஈப்புழு பிழைக்காது. குவியலுக்குள் வாழும் கருவண்டுகளும் சிற்றுண்ணிகளும் ஈயின் முட்டைகளைத் தின்றுவிடும். அவற்றுக்காகவே, எரு அள்ளும்போதுகூட அடியில் ஒரு சாண் காய்ந்த எருவை விட்டுவைப்போம். பதினோரு ஆண்டுகளாக 6,000 கோழிகளை இப்படித்தான் வளர்த்தேன். ஊரில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

இன்று மூன்றாம் வரிசையின் கீழே ஒரு கூம்புகூட இல்லை. எல்லாம் சரிந்து கூழாகக் கிடக்கிறது. குச்சியால் கிளறினால், உலையில் கொதிக்கும் அரிசி போலப் புழுக்கள் புரள்கின்றன. அம்மோனியா நெடியில் கண் எரிகிறது. அந்த ஒரு வரிசையில் உள்ள 250 நிப்பிள்களில் 61 ஒழுகுகின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

மருந்தும் அடித்துப் பார்த்தேன். பறக்கிற ஈ அன்று விழுந்தது. ஒரு வாரம் கழித்து அடுத்த கூட்டம் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு முட்டை ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஒரு ஈ ஒரு தடவையிலேயே நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. குவியல் மீது விழுந்த மருந்தோ, எனக்கு உதவிய வண்டுகளைத்தான் கொன்றது. கால்நடை மருத்துவர் சொன்னபடி தீவனத்தில் சைரோமசின் கலந்தேன். அது எச்சத்தோடு வெளியேறிப் புழுவை வளரவிடாமல் தடுக்கும் மருந்து. ஈரத்தை அது உலர்த்தாது. கொட்டகையில் தொங்கவிட்டிருக்கும் வெள்ளை அட்டையில் முன்பு வாரத்துக்கு இருபது, முப்பது ஈப்புள்ளிகள், அதாவது ஈ உட்கார்ந்து எச்சமிட்ட புள்ளிகள், இருக்கும். நூறைத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும் என்பார்கள். சென்ற வார அட்டையை எண்ணவே முடியவில்லை.

ஊர் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து விருந்து. இலை போட்ட கையோடு அதன்மேல் இன்னோர் இலையைக் கவிழ்த்து மூடித்தான் பரிமாறினார்கள். வீட்டுக்காரப் பெண் என்னைத் திட்டவில்லை. "என்ன அண்ணே இப்படி ஆகிவிட்டது?" என்று மட்டும் கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், அதில் நியாயம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

தென்னைக்கும் மல்லிக்கும் எரு வாங்க வருகிறவர்கள், சேறாக இருப்பதைப் பார்த்துவிட்டு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். முட்டை ஓட்டில் ஈப்புள்ளி இருப்பதால் வியாபாரி விலையைக் குறைக்கிறார்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் மீது பழி போடாதீர்கள். நீங்கள் சொன்ன வடிகட்டியைத்தான் பொருத்தியிருக்கிறேன். வாரம் தவறாமல் கழுவுகிறேன். குழாயின் அழுத்தமும் உங்கள் கையேட்டில் உள்ள அளவில்தான் இருக்கிறது. கழற்றிப் பார்த்த நிப்பிள்களுக்குள் மண்ணோ உப்போ இல்லை. தண்ணீரை அடைக்க வேண்டிய ஊசிதான் சரியாக உட்காரவில்லை.

எனவே, ஒழுகுபவற்றை மட்டும் அல்லாமல் 2,000 நிப்பிள்களையும் 15 நாட்களுக்குள் மாற்றித் தர வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. சுண்ணாம்பு, மருந்து, ஈர எருவை அள்ளிய கூலி ஆகியவற்றுக்கான ரசீதுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன்; அந்தத் தொகையையும் தர வேண்டும். நானும் என் மனைவியும் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் பண்ணை இது. மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன்.

ஆள் அனுப்பும்போது இரவில் வரச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டால் இருட்டில் கோழி தண்ணீர் குடிக்காது. அதன்பிறகு சொட்டுவதெல்லாம் ஒழுக்குத்தான். நான் பத்து மணிக்கு ஒரு நிப்பிளின் கீழே கட்டிய டம்ளர், விடியற்காலை நான்கு மணிக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதே டம்ளரை உங்கள் ஆளின் கையிலேயே கொடுக்கிறேன். எந்த வரிசையில் கட்டுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்