பானைக்குள் கைவிட்ட சிறுவனை எழுதுங்கள்

தமிழில் சிறாருக்காக எழுதுவோருக்கும், அந்த நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பள்ளி நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை நான். "சரித்திரக் கதை இருக்கா டீச்சர்?" என்று கேட்டு வரும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க எங்கள் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே வகைதான். பெரியவர்களுக்காக எழுதிய நாவல்களின் சுருக்கம் ஒன்று; அரசர்களின் வாழ்க்கை வரலாறு மற்றொன்று. இரண்டிலும் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. இளவரசர்கள் வருகிறார்கள், சீக்கிரமே வளர்ந்து போருக்குப் போய்விடுகிறார்கள். அந்தந்தக் காலத்தில் வாழ்ந்த சாதாரணப் பிள்ளைகளைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அரசர்களுக்குத்தானே சான்று கிடைக்கிறது, சாதாரணப் பிள்ளைகளைப் பற்றி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அந்தக் குடவோலை விதிகளை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்த விதிகளைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம்: 30 குடும்புகள் (ஊரின் வார்டுகள்), 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. பாடம் அதோடு முடிந்துவிடும். கல்வெட்டு இன்னும் பேசுகிறது. ஊரில் சிறியவர் முதல் பெரியவர் வரை கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க வேண்டும். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, மீண்டும் அந்தப் பாலனே ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது சபையின் நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், பிறகு உரக்க வாசிக்க வேண்டும்.

அந்தப் பாலனுக்குக் கல்வெட்டில் பெயரில்லை. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கதாசிரியருக்காகக் காத்திருக்கிறான். காலையில் அவனை யார் கூப்பிட்டுப் போனார்கள்? அத்தனை பேர் பார்க்கக் குடத்துக்குள் கை விடும்போது அவனுக்குப் பயமாக இருந்ததா? அவன் எடுத்த ஓலையில் வந்த பெயர் அவன் வீட்டாருக்குப் பிடிக்காத ஒருவருடையதாக இருந்தால்? ஒரு நல்ல குறுநாவலுக்கு வேண்டியது முழுவதும் இங்கேயே இருக்கிறது. கூடவே, அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்துச் சபை என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் பார்த்தே ஆளெடுத்தார்கள் என்பதையும், பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் கதை மறைக்கக் கூடாது. சபைக்கு வெளியே நிற்கும் இன்னொரு சிறுவன் வழியாகவும் அதே நாளைச் சொல்ல முடியும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்; பெருமையையும் குறையையும் சேர்த்தே புரிந்துகொள்வார்கள்.

"குழந்தைகளுக்கு இதெல்லாம் வேண்டாமே" என்ற தயக்கம் பதிப்பகங்களில் இருப்பதை அறிவேன். அந்தத் தயக்கத்தோடுதான் எனக்குப் பெரிய சண்டை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், திருப்பாம்புரத்தில் பஞ்சம். பட்டினியால் சாகாமல் இருக்க ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள். இளைய மகள் எப்படியிருந்திருப்பாள்? அன்றைக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்கும், அந்த மகிழ்ச்சியே அக்காவுக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்கும். கொடுமையை ரத்தமும் சதையுமாகக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் சோழர் காலம் என்றால் பொற்காலம் மட்டும்தான் என்று பத்து வயதில் நம்ப வைத்துவிட்டு, இருபது வயதில் அவர்களே கண்டுபிடித்து நம்மைக் கேட்கும்போது என்ன பதில் சொல்வோம்? 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சமும் அப்படித்தான். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்த மண்ணைச் சுமந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு கதை கூட என் அலமாரியில் இல்லை.

அடுத்தது, பாத்திரங்களின் மனது. பதினோராம் நூற்றாண்டுச் சிறுமி இன்றைய பட்டிமன்றப் பேச்சாளரைப் போல உரிமை பேசினால் அது வேஷம். அவளுக்குக் கோபம் வரலாம், ஆசை வரலாம், படிக்க ஏங்கலாம். அந்த ஏக்கத்தை அவள் காலத்துச் சொல்லில், அவள் காலத்துச் சாமியிடம் முறையிடட்டும். அவளைச் சுற்றியுள்ள உலகம் எளிதில் வழிவிடாமல் இருக்கட்டும். அப்போதுதான் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் காலம் உறைக்கும்.

மொழியும் அப்படியே. பழங்காலம் என்றாலே "யாது செய்வேன் தாயே" என்று பேச வைக்காதீர்கள், பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எளிய தமிழில் பேசட்டும். நாழிகை, காதம், கலம் என்று அந்தக் காலத்து அளவுகள் மட்டும் இயல்பாக வந்து போனால் போதும்.

சமையலறையில் கவனம் வையுங்கள். சோழர் காலத்து அம்மா மிளகாய் அரைக்க முடியாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போர்ச்சுகீசியர் கடல் வழியாக வந்த 1498க்குப் பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தன. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. ஓவியருக்கும் இதைச் சொல்லுங்கள்: பராந்தகன் காலத்து ஊருக்கு நடுவே, இன்று நாம் பார்க்கும் வண்ணம் பூசிய உயர்ந்த ராஜகோபுரத்தை வரையக் கூடாது.

பதிப்பாளர்களிடம் தனியாக இரண்டு வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன் கல்வெட்டோ தொல்லியலோ அறிந்த ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, அந்த உழைப்புக்கு ஊதியமும் கொடுங்கள். கதை முடிந்ததும் இரண்டு பக்கம் பின்னுரை போடுங்கள்: எது கல்வெட்டில் உள்ளது, எது ஆசிரியரின் கற்பனை என்று. பிள்ளைகள் கதையில் படித்ததை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். பின்னுரை சலிப்பூட்டும் என்று நினைக்க வேண்டாம். கதை பிடித்துப்போன பிள்ளை அதைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் படிக்கும்.

எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கீழடியில் வட்டச் சில்லுகளும் பகடையும் கிடைத்திருக்கின்றன. பானையில் ஆதன் என்று யாரோ பெயர் கீறியிருக்கிறார்கள். ஈரோடு பக்கத்துப் பழைய ஊரான கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் பெண்களின்) பெயர்கள் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டப்பட்டிருக்கின்றன. மன்னார் வழியாக இலங்கை மலைத்தோட்டங்களுக்கு நடந்தே போன குடும்பங்களோடு குழந்தைகளும் போயிருக்கிறார்கள்.

இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினால், அச்சுக்கு முன் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்ல எங்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். எங்கே புரியவில்லை, எங்கே சலித்தது என்று பக்கத்துக்குப் பக்கம் குறித்து அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

அன்புடன்,
பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை