கயிற்றை அவிழ்த்த பின்: டென்மார்க் நண்பனுக்கு ஒரு கடிதம்

நீர்வேலி,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான்,

இங்கு யாவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

உன் கடிதம் போன கிழமை கைக்கு வந்தது. பதினொரு பக்கத்தில் பத்துப் பக்கம் மாடுகளைப் பற்றியும் ஒரு பக்கம் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு, உனக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று என் மனைவி சொன்னாள். மறுமொழி எழுத இத்தனை நாள் பிடித்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. பால் கறக்கும் ரோபோ இரண்டைப் பூட்டி மூன்று மாதமாகியும் ஏழு மாடுகள் தாமாக வர மறுக்கின்றன என்றும், இரவு இரண்டு மணிக்குக் கைத்தொலைபேசி அடித்து எழுப்புகிறது என்றும், கால்நடைப் போதனாசிரியராக முப்பது வருடம் திரிந்த நான் என்ன நினைக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போன வருடக் கோடையில் உன்னிடம் வந்திருந்தபோது, உன் அயல் பண்ணையில் அந்த ரோபோப் பெட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன் அல்லவா? அதை இன்னும் நான் மறக்கவில்லை. கறுப்பு வெள்ளை மாடு ஒன்று யாரும் கூப்பிடாமலே படுக்கையிலிருந்து எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, அசை போட்டபடி நடந்து வந்து உள்ளே ஏறியது. கழுத்துப் பட்டியிலிருந்த மின்னணுச் சில்லைக் கொண்டு அது இன்ன மாடு, கறந்து இத்தனை மணி நேரம் ஆயிற்று என்று இயந்திரம் அறிந்துகொள்ள, அதற்கென்று கணக்கிட்ட தீவனம் முன்னால் தொட்டியில் விழுந்தது. வயிற்றுக்கடியில் ஒரு கை நீண்டு, உருளும் தூரிகைகளால் காம்புகளைத் துடைத்தது. பிறகு ஒரு சிவப்பு ஒளிக்கோடு மடியின் கீழே தேடித் தேடி ஓடி, ஒவ்வொரு காம்பாகக் கண்டுபிடித்துக் கிண்ணத்தைக் கொளுவியது. நாலாவது காம்புக்குப் போகும் நேரத்தில் மாடு காலை மாற்றி வைக்க, கிண்ணம் தவறிவிட்டது. கை பின்வாங்கி, மறுபடி தேடி, மறுபடி தவறி, மூன்றாவது தடவையில் கொளுவியது. நம் ஊரில் அந்த இடத்தில் மாட்டின் தொடையில் ஓர் அடி விழுந்திருக்கும். அடி விழுந்தால் மாடு பாலை ஒளித்துக்கொள்ளும் என்று வகுப்பெடுத்த நானும் அடித்திருக்கிறேன்.

சற்று நேரத்தில் வந்த இன்னொரு மாட்டைக் கறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குத் தீவனமும் கொடாமல் கதவைத் திறந்து வெளியே விட்டது இயந்திரம். கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் பிந்திப் போனவரின் முகத்தோடு அது திரும்பிப் போனது.

பால் கறக்கும் ரோபோ முதன்முதலில் 1992 இல் நெதர்லாந்தில் ஒரு பண்ணையில் வேலைக்கு வந்தது என்று நீ அன்று சொன்னாய். அந்த ஆண்டு இங்கே மின்சாரமே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கைக் கொட்டில் கப்பில் தொங்கவிட்டு மாடு கறந்தோம். அந்த வெளிச்சத்தில் பாலின் நிறம் தெரியாது. அதனால் அம்மா ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சையும் உள்ளங்கையில் ஏந்தி, நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். “இது உப்புக் கரிக்குது, இந்தக் காம்பை வேறாய்க் கற” என்பார். பச்சைப் பாலை நக்காதீர்கள் என்று நான் சண்டை பிடித்து, கறுப்புத் துணி கட்டிய கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். துணியில் திரளை விழுந்தால் மடியழற்சி என்று அறிவதுதான் எங்கள் திணைக்களத்துப் பாடம். ஆனால் திரளை விழுமுன்பே அம்மாவின் நாக்கு சொல்லிவிட்டது. மடி அழலும்போது இரத்தத்திலுள்ள உப்பு பாலுக்குள் கசிகிறது. உப்புக் கூடிய பாலில் மின்சாரம் கூடுதலாகக் கடத்தப்படுகிறது. உன் இயந்திரம் நான்கு காம்புகளிலும் தனித்தனியாக அதைத்தான் அளக்கிறது. உன் கடிதத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்க அவர் இல்லை.

இனி உன் ஏழு மாடுகளுக்கு வருகிறேன். பிழையை இயந்திரத்தில் தேடாதே. அவற்றை ஒவ்வொன்றாக வெறும் சீமெந்துத் தரையில் நடக்கவிட்டு, பக்கவாட்டில் நின்று முதுகைப் பார். முதுகு வளைந்து, தலை தாழ்ந்து வந்தால் நோவு குளம்பில் இருக்கிறது. முன்பு நீ துரத்திக்கொண்டு போனபோது நொண்டி நொண்டியாவது வந்த மாடு, இப்போது வருவதும் வராததும் தன் விருப்பம் என்றானதும் படுத்தே கிடக்கிறது. ஏழில் குறைந்தது மூன்று அப்படித்தான் இருக்கும் என்று என் மனம் சொல்கிறது.

அடுத்தது தீவனம். பொதுத் தொட்டியில் நீ போடும் கலவை மிகவும் கொழுத்ததாக இருந்தால், பெட்டிக்குள் விழும் ஒரு கோப்பைத் தீவனத்துக்காக அது ஏன் எழும்ப வேண்டும்? பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவனைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவது போன்றது அது. கன்று ஈன்று எட்டு ஒன்பது மாதமாகிப் பால் குறைந்த மாடுகள் அந்த ஏழில் எத்தனை என்பதையும் பார். மடி கனக்காத மாட்டுக்கு அவசரமும் இல்லை. இன்னொன்று, கோபிக்காதே: தினமும் காலை ஆறு மணிக்கு நீயே போய் அவற்றை எழுப்பிக் கொண்டுவருகிறாய் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அவை காத்திருப்பது உனக்காகத்தான். நேரத்தை மாற்றி மாற்றிப் போ. எழுப்பிவிட்டு விலகி நில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெட்டிக்கு அறுபது மாடு என்ற கணக்கு காகிதத்தில்தான் அழகு. நீ இரண்டு பெட்டிக்குச் சரியாக 120 மாடு வைத்திருக்கிறாய். அடங்காத மாடுகள் வாசலை மறித்து நிற்க, பயந்த மாட்டுக்கு நள்ளிரவில்தான் முறை கிடைக்கும்; அதுவும் கிடைக்காவிட்டால் அது முயற்சியையே விட்டுவிடும். நான் உன் இடத்தில் இருந்தால் பத்து மாடுகளைக் குறைத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் நிற்கும் வெளியை அகலமாக்குவேன். உன் மகன் கடன் தவணையைக் காட்டி மறுப்பான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரவுத் தொலைபேசி பற்றி என்னால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. காலை நாலரைக்கும் பின்னேரம் நாலரைக்கும் கறவைக் குழிக்குள் இறங்கி நின்ற வேலை போய், எந்நேரமும் எழும்ப வேண்டி வரலாம் என்ற வேலை வந்திருக்கிறது. முழங்காலுக்கு நல்லது, நித்திரைக்குக் கெடுதி. மகனும் நீயும் கிழமை மாறித் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உன் கிழட்டு மாட்டைப் பற்றி நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பின் காம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் ஒளிக்கோட்டுக்கு அவை ஒரே காம்பாகத் தெரிகின்றன, அதனால் அவளை விற்கத்தான் வேண்டும் என்று மகன் சொல்கிறான் என்றாய். அவன் சொல்வதில் பிழையில்லை. ஒன்பது கன்று தந்தவள், நீ பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் என்பதெல்லாம் உண்மைதான்; ஆனால் ஒரு மாட்டுக்காகப் பழைய கறவைக் குழியைத் தினமும் இரண்டு தடவை கழுவி வைத்திருக்க உன்னால் முடியாது. ஒன்று மட்டும் செய்: அவளுடைய மகள்மாருக்கு இனிச் சினை ஊசி போடும்போது, காளைகளின் விபரப் பட்டியலில் பால் அளவை மட்டும் பாராமல் பின் காம்புகளின் இடைவெளிக்குக் கொடுத்திருக்கும் புள்ளியையும் பார். முப்பது வருடம் ஊசி போட்ட நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. காம்பு எப்படி இருந்தாலும் கை அதற்கேற்ப வளைந்துகொடுக்கும் என்பதால் இங்கே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது வருமா என்று கேட்டாய். கணக்கை நீயே பார். ஒரு ரோபோவின் விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல், நம் காசில் மூன்று கோடி ரூபாவுக்கு மேல். உன் மாடு நாளொன்றுக்கு முப்பது லீற்றர் கறக்கிறது. அறுபது மாட்டுக்கு 1,800 லீற்றர். என் கொட்டிலில் பதினொரு உருப்படியில் எட்டுக் கறவை. எல்லாம் ஜேர்சிக் கலப்பு. நல்ல நாளில் எல்லாமாக 63 லீற்றர். அதாவது உன் இயந்திரம் ஒன்று ஒரு நாளில் கறப்பது எனக்கு ஏறக்குறைய ஒரு மாதப் பால். அதோடு 2022 பங்குனிக் கடைசியில் இங்கே நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டினார்களே, அப்படி ஒரு காலத்தில் அந்தப் பெட்டி என்ன செய்யும்? இன்னொரு சிக்கலும் உண்டு. என் செவலைக்குக் கன்று வந்து இரண்டு முட்டு முட்டினால்தான் பால் இறங்கும். அதற்குள் ஓடும் நாட்டு மாட்டு இரத்தம் அப்படி. இரண்டு மாதம் பழக்கிப் பார்த்துத் தோற்றேன். எந்தத் தூரிகையும் அவளை ஏமாற்றாது.

ஆனாலும் உன் அயல் பண்ணையிலிருந்து நான் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே என்னை உலுப்பியது அந்த இயந்திரக் கை அல்ல, மாடு தன் பாட்டில் எழுந்து நடந்ததுதான். என் மாடுகள் பிறந்ததிலிருந்து கட்டையில் நிற்பவை. தண்ணீர் நான் வைக்கும்போதுதான், குழையும் புல்லும் நான் போடும்போதுதான், படுக்கையும் கயிற்றின் நீளத்துக்குத்தான். அவற்றுக்கு ஏதாவது வேண்டுமா என்று யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. வந்த மாதமே கொட்டிலின் வடக்குப் பக்கத்தில் பூவரசு நிழலோடு எட்டுப் பரப்புக் காணியை, அதாவது அரை ஏக்கரை, கம்பியால் அடைத்தேன். சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டி, வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டும் அதே மிதவை வால்வைப் பூட்டினேன். மாடு குடிக்கக் குடிக்கத் தொட்டி தானாக நிரம்பும். பிறகு கயிறுகளை அவிழ்த்துவிட்டேன்.

முதல் நாள் ஒன்றும் அசையவில்லை. கயிறு இல்லாத கழுத்தோடு, கட்டி நின்ற அதே இடத்தில், அதே வரிசையில் மத்தியானம் வரை நின்றன. கடைசியில் செவலைதான் முதலில் நகர்ந்தாள். தொட்டியில் மூக்கு முங்கக் குடித்துவிட்டு, பூவரசடியில் போய்ப் படுத்தாள். முன்பு நாளுக்கு மூன்று தடவை நான் வைக்கக் குடித்த தண்ணீரை, இரண்டு கிழமைக்குள் ஆறேழு தடவையாகக் குடிக்கத் தொடங்கின. 56 லீற்றராக இருந்த பால் மூன்றாவது கிழமையில் 63 ஆனது. தீவனத்தில் நான் ஒரு பிடிகூடக் கூட்டவில்லை. அதே தவிடு, அதே எள்ளுப் பிண்ணாக்கு, அதே கோ 3 புல், சீமைக்கிளுவைக் குழை. எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்காதே. இங்கே மாட்டுக்குக் கொம்பு உண்டு. பெரிய கொம்புக்காரி ஒருத்தி முதல் கிழமையே ஒரு நாகின் விலாவைக் கிழித்துவிட்டாள். ஏழு தையல். அவள் இன்றும் கட்டையில்தான் நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. இனிப் பிறக்கும் கன்றுகளுக்குக் கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுகிறேன்.

கறக்க வந்த பெடியன் வெளிநாடு போய்விட்டான், என் பெருவிரல்களும் மடங்க மறுக்கின்றன. அதனால் வாளியோடு கூடிய சிறிய கறவை இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு மாடு. உன் ரோபோ ஒவ்வொரு காம்பிலும் பால் முடிந்தவுடன் அந்தக் கிண்ணத்தை மட்டும் கழற்றுகிறது. என்னுடையதில் நான்கும் ஒன்றாகத்தான் கழலும். பின் காம்புகளில் பால் கூடுதல் என்பதால், அவை முடியும் வரை முன் காம்புகள் சும்மா இழுபடுகின்றன. ஆகவே நான் முக்காலியில் குந்தியிருந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செவலைக்குப் பழையபடி கன்றும் கையும்தான்.

சித்திரைக்கு முன் குளம்பு பார்த்துவிட்டு எழுது, ஏழில் எத்தனை நொண்டி என்று. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வரும்போது கறவைக் கிண்ணத்துக்குள் போடும் ரப்பர் உறை எட்டு வாங்கி வா. 2,500 கறவைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்கிறார்கள். செவலை தவிர்ந்த ஏழு மாட்டுக்கு நாளுக்குப் பதினாலு கறவை என்றால் ஏறக்குறைய ஆறு மாதம் வரவேண்டும், இங்கே கிடைத்தவை இரண்டு மாதத்திலேயே வெடித்துவிட்டன. பழைய உறை ஒன்றின் வாயை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, நீளத்தையும் எழுதி, இதனுள் மடித்து வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் அந்தத் தாளையே காட்டு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்.