சப்பாத்து வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையை நுனிவிரலில் நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் வார இதழில் அண்மையில் வெளியான நிழற்படம் ஒன்று தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன். பாடசாலைக் கலைவிழா மேடையில், இளஞ்சிவப்புச் சாட்டின் சப்பாத்து அணிந்த சிறுமி ஒருத்தி நுனிவிரலில் நிற்பதைக் காட்டிய அப்படத்தின் கீழ், சிறு வயதிலேயே பாலே நடனத்தில் சாதனை என்னும் பொருள்பட ஒரு குறிப்பும் இருந்தது. பிள்ளையின் ஆர்வத்தையோ பெற்றோரின் பெருமையையோ குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் படத்தை உற்றுப் பார்ப்பவர்களுக்கு, முழங்கால்கள் மடிந்திருப்பதும், ஒரு கணுக்கால் வெளிப்புறமாகச் சரிந்திருப்பதும், குதிப்பக்கத்துத் துணி தொளதொளத்துக் கிடப்பதும், கால்களின் கீழே இருப்பது வெறும் சீமெந்துத் தரை என்பதும் தெரிந்திருக்கும். இவற்றுள் ஏதேனும் ஒன்றே, அப்பிள்ளையை அன்று நுனிவிரலில் ஏற்றியிருக்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணமாகும்.

கொழும்பிலும் பின்னர் இலண்டனிலும் பாலே பயின்று, இப்போது கொக்குவிலில் சில பிள்ளைகளுக்கு அதன் அடிப்படைகளைக் கற்பித்து வருகின்ற எனக்கு, இந்தப் படம் வியப்பளிக்கவில்லை. நம்மவர் வீடுகளில், நுனிவிரலில் ஆடுவதற்கென்றே செய்யப்படும் பொயின்ற் சப்பாத்து வந்து சேரும் வழி நான் அறிந்ததுதான். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமியோ சித்தியோ, மருமகள் பாலே பழகுகிறாள் என்று கேள்விப்பட்டு, கடையில் கண்ட அழகான சோடி ஒன்றை வாங்கிப் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறார். வந்த பொருளை அலுமாரியில் பூட்டி வைக்க மனம் வராமல் பெற்றோர் வகுப்புக்குக் கொடுத்து விடுகின்றனர். மறுத்துச் சொன்னால் பிள்ளை வகுப்பை விட்டு நின்றுவிடுமோ என்ற தயக்கத்தில் ஆசிரியரும் இணங்கிப் போகிறார். பயிற்சியின் பல ஆண்டுகளுக்குப் பின் வரவேண்டிய ஒன்று இவ்வாறு முதலிலேயே வந்து நிற்கிறது.

பரதம் பயிலும் வீடுகளுக்கு இதை விளக்குவது கடினமன்று. கடையில் விற்கிறது என்பதற்காக எவரும் தம் பிள்ளைக்குத் தாமாகவே சலங்கை கட்டி மேடையேற்றுவதில்லை. அடவுகள் கைவந்துவிட்டன என்று குரு கண்டபின், பூசையில் வைத்து, அவர் கையாலேயே அது கொடுக்கப்படுகிறது. பொயின்ற் சப்பாத்தும் அவ்வாறே ஆசிரியரின் தீர்ப்புக்குப் பின் வரவேண்டிய பொருள். வேறுபாடு என்னவென்றால், சலங்கையை ஓராண்டு முந்திக் கட்டினால் கெடுவது ஆட்டம் மட்டுமே. இதை முந்திக் கட்டினால் கால் கெடக்கூடும்.

நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்குமான சர்வதேசச் சங்கம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் இது குறித்துத் தெளிவாகவே பேசுகிறது. 12 வயதுக்கு முன்னர் நுனிவிரல் ஆட்டம் வேண்டாம் என்பது அதன் முதல் நிலைப்பாடு. எட்டு வயதிலோ அதன் பின்னரோ தொடங்கி, வாரத்துக்கு இரண்டு வகுப்புகளேனும் ஒழுங்காகப் பயின்று வரும் பிள்ளைக்கு, பாதமும் கணுக்காலும் இடுப்பும் உடலின் நடுப்பகுதியும் வலுவாக இருக்குமாயின், நான்காம் ஆண்டில் அதைத் தொடங்கலாம் என்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இதை ஊக்குவிக்க வேண்டாம் என்பதும் அதில் உண்டு. இந்த இறுதி விதியை மட்டும் கடைப்பிடித்தாலே நம் ஊரில் பெரும்பாலான சப்பாத்துகள் பெட்டியை விட்டு வெளியே வராது.

பெற்றோர் பலர் வயது ஒன்றையே கேட்கின்றனர். பாதத்தின் நீள எலும்புகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் பதின்ம வயதின் நடுப்பகுதி வரை முழுமையாக மூடுவதில்லை என்பதால், 12 வயது நிறைந்த அன்று எலும்பு முற்றிவிட்டது என்று பொருளாகாது. பார்க்க வேண்டியது வலிமையும் கட்டுப்பாடுமே. காலை நீட்டிப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டும்போது, கணுக்காலின் மேல் வைத்த பென்சில் முன்னங்காலையும் புறங்காலையும் ஒருங்கே தொடும் அளவுக்குப் பாதம் நீள்கிறதா என்று பார்க்கலாம். ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடிக்காமல், பாதம் உள்ளேயோ வெளியேயோ சரியாமல், குதியைப் பலமுறை உயர்த்தி இறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் விரும்பிச் செய்விக்கும் சோதனை வேறொன்று: பிள்ளை ஒற்றைக் காலில் நின்று, உடலை நிலத்துக்குச் சமாந்தரமாக முன்னே சாய்த்து, மறு காலைப் பின்னே நீட்டி, நிற்கும் முழங்காலை மடித்துக் கைகளால் நிலத்தைத் தொட்டு எழ வேண்டும். இடுப்பு திரும்பாமலும் முழங்கால் உட்புறம் விழாமலும் அதை மீண்டும் மீண்டும் செய்ய இயலாத பிள்ளைக்கு, சப்பாத்தைப் பற்றிய பேச்சே இன்னும் எழவில்லை.

பல ஆண்டுகள் பரதம் பயின்ற பிள்ளைக்கு இவ்விதிகள் பொருந்தாது என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அப்பிள்ளைகளிடம் தொடை வலிமையும் தாளக் கட்டும் மேடைத் துணிவும் உண்டு என்பதை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வேன். அவர்களுக்குக் கற்பிப்பது எளிது. ஆயினும் அரைமண்டியில் முழங்கால் மடிந்து, பாதம் முழுவதும் தரையைத் தட்டுகிறது. குதித்து மெட்டு அடவில் எழுவதும் பாதத்தின் முன்பகுதியில்தானே தவிர, விரல்களின் நுனியில் அன்று. முழங்காலை முழுதாக நீட்டி, உடலின் பாரத்தை மேலே இழுத்துப் பிடித்து, சில சதுர சென்றிமீற்றர் பரப்பில் நிற்பதற்கு வேண்டிய தசைப் பழக்கத்தைப் புதிதாகவே உருவாக்க வேண்டும். (பாலே நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு சொல்: கலாக்ஷேத்திராவை 1936 இல் தொடங்கிய ருக்மிணி தேவி, அதற்கு முன்னர் புகழ்பெற்ற ரஷ்யப் பாலே கலைஞர் ஆன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர், தன் நாட்டு நடனத்தைத் தேடுமாறு அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே.)

இனிச் சப்பாத்துக்கு வருகிறேன். 1832 இல் பாரிசில் மரீ தாலியோனி நுனிவிரலில் ஆடிப் பெயர் பெற்றபோது அணிந்திருந்தது, ஓரங்கள் நூலால் பின்னித் தைக்கப்பட்ட மென்மையான சாட்டின் செருப்பு மாத்திரமே. இன்றைய சப்பாத்து அதனின்றும் வேறானது. துணியும் கடதாசியும் அடுக்கடுக்காகப் பசையிட்டு இறுக்கிய கூடு ஒன்று விரல்களைச் சூழ்ந்து பிடிக்கிறது. அதன் தட்டையான முனையே ஆடுபவர் நிற்கும் இடம். உள்ளங்காலின் கீழே ஓடும் விறைப்பான தகடு பாதத்தைத் தாங்குகிறது. மரபு முறையில் செய்தவற்றில் இடது, வலது என்ற பிரிவும் இல்லை. கூட்டுக்குள் மரக்கட்டை இருப்பதாக நம்புவோர் இன்னும் இருக்கின்றனர். அப்படி எதுவும் இல்லை. பிள்ளையை நிறுத்தி வைப்பது சப்பாத்து அன்று, பிள்ளையின் காலே.

சில காலத்துக்கு முன் ஒரு தாயார் என்னிடம் கொண்டு வந்த சோடியை இங்கே விவரித்தால் பலருக்குப் பயன்படும். பிள்ளைக்குப் பத்து வயது. வளரும் கால் என்று பாடசாலைச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கப்படியே, இதுவும் பெரிதாக வாங்கப்பட்டிருந்தது. மிஞ்சிய இடத்தில் பஞ்சு திணிக்கப்பட்டிருந்தது. றிபன்களைத் தையற்கடையில் கொடுத்து இயந்திரத்தில் தைப்பித்திருந்தார்கள். ஊசி சாட்டினையும் உட்துணியையும் ஊடுருவி, வாய்விளிம்பில் ஓடும் இழுகயிற்றையும் சேர்த்தே தைத்துவிட்டதால், அந்தக் கயிற்றை இழுத்து இறுக்க வழியில்லை. தையல் வெகு நேர்த்தி. சப்பாத்து மட்டும் எதற்கும் உதவாமற் போயிற்று. தைத்துவிட்ட பொருளைக் கடைக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது.

பொயின்ற் சப்பாத்தில் வளர்வதற்கென்று இடம் விடக் கூடாது. நின்ற நிலையில் விரல்கள் மடங்காமல் நீண்டு கூட்டின் முனையை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்து இறங்கும்போது அந்த முனையைச் சற்று அழுத்தமாக உணர வேண்டும். நுனியில் ஏறியபின் குதிப்பக்கத்தில் விரலால் கிள்ளிப் பிடிக்கும் அளவு துணி மிஞ்சலாம், அதற்கு மேல் ஆகாது. கூடு அகலமாக இருந்தால் பாதம் உள்ளே வழுகி இறங்கி, உடற்பாரம் முழுவதும் பெருவிரல் நுனியில் விழும். முன்புறத் துணி விரல்களின் அடிமூட்டுகளை மூடும் உயரம் இருக்க வேண்டும். இவை எதையும் கடல் கடந்து இருக்கும் ஒருவர் பாதத்தின் நீளத்தை மட்டும் கேட்டுத் தெரிவு செய்ய இயலாது. ஆசிரியர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஊசியை எடுக்கவே வேண்டாம்.

தைப்பது கையாலேயே, இரட்டை இழைப் பருத்தி நூலால். குதிப்பக்கத் துணியை உட்புறமாக முன்னோக்கி மடித்தால் இரு பக்கமும் மடிப்பு விழும் இடமே றிபன் வைக்க வேண்டிய இடம்; அதனைச் சற்று முன்னே சாய்த்து, உட்துணியில் மட்டும் ஊசியைச் செலுத்தி, இழுகயிற்றை விலக்கித் தைக்க வேண்டும். செயற்கை இழை றிபனின் நுனியைச் சுடரில் ஒரு கணம் காட்டினால் இழை பிரியாது. இதைப் பெரியவர்கள் செய்யட்டும். குதியில் ஓர் இலாஸ்டிக் பட்டியும் சேர்த்தால் சப்பாத்து கழன்று போகாது. கட்டும்போது பாதம் தரையில் தட்டையாக இருக்க வேண்டும். முடிச்சு கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்கும் குதிநரம்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அமைந்து, நுனிகள் உள்ளே செருகப்பட வேண்டும். குதிநரம்பின் மேலேயே முடிச்சுப் போட்டு இறுக்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

புதுச் சப்பாத்தைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவதையும், சுத்தியலால் அடிப்பதையும், தகட்டை வெட்டுவதையும் கைத்தொலைபேசிக் காணொளிகளில் பிள்ளைகள் பார்க்கின்றனர். அவை ஓர் ஆட்டத்துக்கு ஒரு சோடியையே தேய்த்துவிடக்கூடிய தொழில்முறைக் கலைஞர்கள், தம் பாதத்தை நன்கறிந்து செய்பவை. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அந்தத் தாங்கலே பாதுகாப்பு. அதை உடைத்துக் கொடுப்பது மடைமை. கூட்டின் பக்கங்களை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, பாதம் இயல்பாக மடங்கும் இடத்தில் தகட்டைச் சிறிது வளைத்து, மீதியை, வகுப்பின் சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மெதுவாக ஏறி இறங்கும் பயிற்சிக்கு விட்டுவிடலாம். செயற்கைப் பொருளாலான புதுவகைச் சப்பாத்துகளுக்கு இதுவும் தேவையில்லை.

நம் காலநிலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. வியர்வை ஊறினால் பசை இளகும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்த சப்பாத்து விரைவிலேயே மெத்தென்று ஆகிவிடும். வகுப்பு முடிந்ததும் காற்றோட்டமான நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைக்க வேண்டும். மரபுச் சப்பாத்தின் பசையில் மாவும் சேர்வதால், கரப்பானுக்கும் அதில் நாட்டம் உண்டு என்பதை நினைவில் கொள்க. கூடு மெலிந்து விரல்கள் தரையை உணரத் தொடங்கினாலோ, தகடு தளர்ந்து பாதம் பின்னே சாய்ந்தாலோ, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அந்தச் சோடியின் காலம் முடிந்துவிட்டது. இரண்டாம் விரலுக்கு நேரான பாத எலும்பின், கணுக்காலை நோக்கிய அடிமுனையில் ஏற்படும் நுண் வெடிப்பு பாலே ஆடுவோரிடையே நன்கறியப்பட்ட உபாதை. அவ்விடத்தில் வலி நீடித்தால் எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தரை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: சீமெந்திலும் பளபளக்கும் மாபிளிலும் இது ஆடத் தக்கதன்று. மரச்சட்டங்களின் மேல் பலகை பதித்து, சற்றே இடங்கொடுக்கும் தரை வேண்டும். அத்தகைய தரை இல்லாத வகுப்பு நுனிவிரல் கற்பிப்பதாக விளம்பரம் செய்யாதிருப்பதே முறை. தொடங்கும் பிள்ளைகளுக்கும், முதல் மாதங்களில் வகுப்பின் இறுதியில் பத்துப் பதினைந்து நிமிடம், இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து, இரு காலிலும் ஏறி இறங்குவது போதும்.

தங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. இத்தகைய படங்கள் இனி வரும்போது, அப்பிள்ளையின் வயதையும் பயின்ற காலத்தையும் கேட்டறிந்த பின்னரே அதனைச் சாதனை என்று அச்சிடுங்கள். தங்கள் இதழில் ஒரு படம் வந்துவிட்டால், அடுத்த வாரமே அதைக் காட்டி என் பிள்ளைக்கும் போடுங்கள் என்று கேட்கும் பெற்றோரை நாங்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊர் வரும் உறவுகளுக்கும் இக்கடிதம் எட்டுமாயின், பொயின்ற் சப்பாத்துக்குப் பதிலாகக் கன்வஸ் துணியில் செய்த சாதாரண மென்மையான பாலே சப்பாத்து ஒரு சோடி வாங்கி வாருங்கள். அதன் விலையும் குறைவு. பிள்ளை அதை மறுநாளே அணிந்து வகுப்புக்கு வரலாம்.

இங்ஙனம்,
நடன ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.