அழைப்பிதழில் ஆசிரியர் பெயருக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தமிழாசிரியரின் பணி நிறைவு விழாவுக்கு நீ தயாரித்த அழைப்பிதழ் மாதிரி கிடைத்தது. பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, கைக்காசு போட்டு விழா எடுப்பதை நினைக்கவே மனம் நிறைகிறது. ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவர் பெயருக்கு முன்னால் ‘ஞானகுரு, மகாவித்துவான், கல்விக்கடல், மகான்’ என்று போட்டிருக்கிறாய். நான்கையும் எடுத்துவிடு.

அவர் அவற்றுக்குத் தகாதவர் என்று சொல்லவில்லை. இந்தப் பட்டங்களை ஒருவர் தலையில் சும்மா சூட்டிவிட முடியாது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், இடையில் நடந்தது என்ன, இந்த மூன்றும் தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர் உண்டு.

அருணந்தி சிவாச்சாரியார் கதையைப் பார். பதின்மூன்றாம் நூற்றாண்டு. சைவ சாத்திர நூல்களான ஆகமங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்பதால் அவருக்குச் சகலாகம பண்டிதர் என்று பெயர். சைவ சித்தாந்த ஆசாரியர் மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளருக்கு அவரே குலகுரு. பிள்ளை வரம் வேண்டி நின்றபோது வழிகாட்டியவரும் அவர்தான். அந்தப் பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் சிறு வயதிலேயே சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைச் சொல்லித் தருகிறது, தம்முடைய மாணவர்களே அங்கே போய் உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பண்டிதர் புறப்பட்டுப் போனார். அன்று ஆணவ மலம், அதாவது உயிரை மறைக்கும் ‘நான்’ என்னும் அழுக்கு, பற்றிப் பாடம். ‘ஆணவத்தின் வடிவம் என்ன?’ என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நீ நிற்கிறாயே, இதுதான் அதன் வடிவம் என்பதுபோல் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பண்டிதர் காலில் விழுந்தார் என்கிறது சைவ மரபு. சிவஞானபோதத்தின் வழி நூலான சிவஞான சித்தியாரை எழுதியவர் இந்த அருணந்திதான். பண்டிதர் என்ற பெயர் அவர் படிப்பால் வந்தது. மெய்கண்டாரைக் குரு ஆக்கியதோ, அந்தப் பண்டிதர் விழுந்து வணங்கிய அந்தக் கணம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் இது.

வைணவத்தில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 18 முறை நடந்து, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு பெற்ற மந்திரப் பொருளை ராமானுஜர் ஊரறியச் சொன்னபோது, கோபித்த அவருடைய ஆசாரியர் திருக்கோட்டியூர் நம்பியே மனம் மாறி அவரை ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார். அங்கே பட்டம் ஆசாரியன் வாயிலிருந்து சீடனுக்கு வந்தது.

மகாவித்துவான் என்று நீ போட்டதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நினைவுக்கு வருவார். திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடம் தந்த பட்டம் அது. ஏராளமான தலபுராணங்கள் பாடியவர். காசு வாங்காமல் பாடம் சொன்னவர். அவரிடம் பாடம் கேட்டவர்களில் உ.வே.சாமிநாதையர் இருந்தார், கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை இருந்தார், நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார். உ.வே.சா. 1871-இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்தார். 1876-இல் அவர் உயிர் பிரிந்த வேளையில் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, உ.வே.சா. திருவாசகம் படித்தார். பின்னாளில் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934-இல் வெளியிட்டார். அதில் ‘பிள்ளையவர்கள்’ என்று அவரைக் குறிப்பிடுகிறார். இன்ன நூலைப் பாடம் சொன்னார், இன்னாருக்குச் சோறு போட்டார், இந்தச் செய்யுளை இப்படிச் சொல்ல ஏட்டில் எழுதினோம் என்று விவரம் விவரமாகப் போகிறது. அந்த விவரங்களைப் படிப்பவன் தானாகவே மகாவித்துவான் என்று சொல்லிவிடுவான்.

(உ.வே.சா.வுக்கு 1906-இல் அரசாங்கம் கொடுத்த பட்டம் மகாமகோபாத்தியாயர். நாம் தெருவில் ‘வாத்தியார்’ என்று கூப்பிடுகிறோமே, அந்த உபாத்தியாயர்தான் அதற்குள் இருக்கிறார். வாத்தியார் என்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.)

ஆகவே அழைப்பிதழில் ‘தமிழாசிரியர்’ என்று மட்டும் போடு. ஆசிரியர் என்பது சின்னச் சொல் இல்லை. நன்னூல் என்ற இலக்கண நூலில் பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் உவமை சொல்கிறார். உழைத்த அளவுக்கு விளைச்சல் தரும் நிலம், மழை பொய்த்தாலும் வளம் தரும் மலை. ஆசிரியர் ஆகாதவர்களையும் அவர் விடவில்லை. யாரையும் ஏறவிடாத மடற்பனை, வேலி தாண்டிச் சாய்ந்து அடுத்த வீட்டுக்குக் காய் கொடுக்கும் முடத்தெங்கு என்று அவர் சொல்லும்போது நமக்கே சில முகங்கள் தெரியும்!

விழா மலருக்குக் கட்டுரை கேட்கும்போது இதை மனத்தில் வை. ‘ஐயாவைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்’ என்று கேட்டால் எல்லோரும் கடல், மலை, தெய்வம் என்றுதான் எழுதி அனுப்புவார்கள். ‘ஐயாவிடம் என்ன பாடம் கேட்டீர்கள், அதில் எது இன்றும் கூட வருகிறது?’ என்று கேள். யாப்பு புரியாமல் விழித்தவனுக்கு அவர் எப்படி விளக்கினார், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவனுக்கு என்ன செய்தார், தப்பாகப் பொருள் சொன்னவனை எப்படித் திருத்தினார் என்று எழுதட்டும். எழுத வராதவர்களைப் பேசச் சொல்லி நீயே எழுதிக்கொள். தறி ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் என எல்லோரையும் கேள். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு படி அனுப்பு, பிழை திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்