பேர்ஸ் குவார்ட்டர்பேக்கை கேம்ப்லயே தீர்த்துக்கட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல அரோராங்கற ஊர்ல இருந்து எழுதறேன், கல்யாணமாகி இங்க வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் காலையில காபி டம்ளரோட உங்க பேப்பரை போன்ல படிச்சு முடிச்சுட்டு தான் வேலைக்குக் கிளம்புவேன். இந்த வாரம் விளையாட்டுப் பக்கத்துல ஓரமா ஒரு சின்ன செய்தி போட்டிருந்தீங்க, சிகாகோ பேர்ஸ் டீமோட நட்சத்திர குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் புது கோச்சோட நம்பிக்கையை இழந்து முதல் ஆட்டத்துலயே ஓரங்கட்டப்பட்டார்னு. படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி தமிழ்ல எழுதறதே அபூர்வம், அதுல வர்ற நாலு வரியும் தப்பா இருந்தா எப்படி, அதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கோங்க.

நடந்தது இது தான். 2025 ஆகஸ்ட் 10 ஞாயித்துக்கிழமை சோல்ஜர் ஃபீல்டுல மயாமி டால்ஃபின்ஸ் கூட நடந்தது ப்ரீசீசன் மேட்ச், பாயிண்ட்ஸ் டேபிள்ல சேராது, 24-24னு டிராவுல முடிஞ்சது. வில்லியம்ஸை கோச் பென் ஜான்சன் இறக்கல, மெயின் ஆளுங்க நிறைய பேரையும் இறக்கல, ஏன்னா ரெண்டு நாள் முன்னாடி வெள்ளிக்கிழமை அதே டால்ஃபின்ஸ் கூட லேக் ஃபாரஸ்ட்ல சேர்ந்து பிராக்டிஸ் பண்ணிட்டாங்க. இது எல்லா டீம்லயும் உள்ள வழக்கம், மெயின் ஆளுக்கு அடிபடக் கூடாதுன்னு வெளிய உக்கார வெப்பாங்க. இதுக்குப் பேரு ஓரங்கட்டறது இல்லீங்க.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்துல குவார்ட்டர்பேக் தான் எல்லாம், பந்து முதல்ல அவன் கைக்குத் தான் வரும், யாருக்கு எறியணும், இல்ல ஓடறவன் கையில குடுக்கணுமான்னு ரெண்டு மூணு செகண்டுல முடிவு பண்ணணும், அதுக்குள்ள 130 கிலோ ஆளுங்க நாலு பேரு அவனை சாய்க்க ஓடி வருவாங்க. எறியறதுக்கு முன்னாடி அவனைப் பிடிச்சு சாய்ச்சிட்டா அது ஸாக். எறிஞ்ச பந்தை எதிர் டீம் பிடிச்சா இன்டர்செப்ஷன். இது போதும், மீதி நான் சொல்றது புரியும்.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்துல, 2007 பிப்ரவரி 4, பேர்ஸ் சூப்பர் பௌல், அதாவது லீக்கோட ஃபைனல், ஆடுச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை டிவி பாக்கக் கூப்பிட்டிருந்தார், எனக்கு ஒண்ணுமே புரியல, ஆனா முதல் கிக்லயே டெவின் ஹெஸ்டர் பந்தைப் பிடிச்சு 92 யார்டு ஓடி கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதும் அந்த வீடே அதிர்ந்துச்சு பாருங்க, அப்ப பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. அன்னிக்கு கடைசியில 29-17ல தோத்துட்டோம். பெரியவர் டிவியை அணைச்சுட்டு, "எங்களுக்கு எல்லாம் இருக்கும்மா, குவார்ட்டர்பேக் மட்டும் இல்ல"ன்னார். பத்தொன்பது வருஷமா ஊரே அதைத் தான் சொல்லிட்டு இருக்கு. 1920ல ஆரம்பிச்ச டீம் இது, ஒரு சீசன்ல 4,000 யார்டு எறிஞ்ச குவார்ட்டர்பேக் இன்னிக்கு வரைக்கும் இங்க ஒருத்தர் கூட கிடையாது. 2024 சீசன் வரைக்கும் ரெக்கார்டு 1995ல எரிக் கிரேமர் எறிஞ்ச 3,838, அவ்ளோ தான். மத்த டீம்கள்ல இது சாதாரண நம்பர்.

இப்ப இங்க நடக்கற சண்டைக்கு வர்றேன். நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறேன், பிரேக் ரூம்ல ஜூலை கடைசியில கேம்ப், அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சி, ஆரம்பிச்சதுல இருந்து வேற பேச்சே இல்ல. ஒரு கோஷ்டி சொல்லுது, பையன் பந்தை கையில வெச்சுக்கிட்டே நிக்கறான், போன வருஷம் 68 ஸாக், லீக்லயே அதிகம், அதுல பாதி அவனாவே வாங்கிக்கிட்டது, அதே டிராஃப்ட்ல (டீம்கள் வரிசைப்படி காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கறது) ரெண்டாவதா போன ஜேடன் டேனியல்ஸ் வாஷிங்டனை அரையிறுதி வரைக்கும் கொண்டு போயிட்டான், நாம முதல் பிக்கை வீணாக்கிட்டோம்னு. இன்னொரு கோஷ்டி, அவனைக் காக்க முன்னாடி லைன்ல நின்ன அஞ்சு பேரு ஓட்டைப் படலாட்டம் நின்னா அவன் என்ன பண்ணுவான்னு. மூணாவதா ஒரு நாலஞ்சு பேரு, பேசாம டைசன் பேஜன்டை இறக்குங்க, அவன் 2023ல எந்த டீமும் டிராஃப்ட் பண்ணாம வந்து நாலு மேட்ச் ஆடி ரெண்டு ஜெயிச்சு குடுத்தான்லனு கேக்கறாங்க. பேஜன்ட் நல்ல பையன் தான், எனக்கும் பிடிக்கும். ஆனா கேம்ப்ல ஒரு நாள் ரெண்டு இன்டர்செப்ஷன் போட்டா அன்னிக்கு சாயங்காலமே "ஆளை மாத்து"னு ஆரம்பிக்கறதை தான் என்னால தாங்க முடியல.

ஏன்னா இந்த டீம்ல இதுவரைக்கும் நடந்ததே இது தானே. பசங்களையும் கோச்களையும் மாத்தி மாத்தித் தான் இந்த நிலைமைக்கு வந்தோம்.

2017ல மூணாவது இடத்துல இருந்து ரெண்டாவது இடத்துக்கு விலை குடுத்து ஏறி மிட்சல் ட்ருபிஸ்கியை எடுத்தாங்க, அதே டிராஃப்ட்ல, பின்னாடி சூப்பர் பௌல் ஜெயிச்ச பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதா போனார், அந்த வயித்தெரிச்சலை விடுங்க. ட்ருபிஸ்கி வந்த வருஷமே கோச் ஜான் ஃபாக்ஸ் வேலை போச்சு. 2021ல ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தான், அவன் வந்த சீசன் முடிஞ்சதும் மேட் நேகி வேலை போச்சு. 2024ல லீக்லயே முதல் ஆளா கேலப் வில்லியம்ஸ் வந்தான், சீசன் முடியற வரைக்கும் கூட இல்ல, நவம்பர்லயே முதல்ல ஆஃபன்ஸ் கோச் (பந்து நம்ம கையில இருக்கும்போது ஆட்டத்தை நடத்தறவர்) ஷேன் வால்ட்ரனை அனுப்பினாங்க, மாசக் கடைசியில ஹெட் கோச் மேட் எபர்ஃப்ளூஸை அனுப்பினாங்க. மூணு தடவை பாருங்க, மூணு தடவையும் போகப் போற கோச் கையில புதுப் பையனைக் குடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி ஜே கட்லர் இருந்தார், டீம் சரித்திரத்துலயே அதிக யார்டு எறிஞ்சவர் அவர் தான், எட்டு சீசன்ல அவருக்கு ப்ளே, அதாவது அடுத்து என்ன ஆடணும்னு, சொல்லிக் குடுக்க ஆறு ஆளை மாத்தினாங்க. நான் தஞ்சாவூர் பக்கம் வயல்காட்டுல வளர்ந்தவ. நாத்தை நட்டு அது பச்சை கட்டறதுக்குள்ள பிடுங்கி வேற வயல்ல நட்டு, அங்க இருந்தும் பிடுங்கினா, அப்புறம் நாத்து மேல குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

இண்டியானாபொலிஸ் எங்க பக்கத்து மாநிலத்துல தான் இருக்கு. 1998ல அந்த ஊர் டீமோட குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் முதல் வருஷம் 28 இன்டர்செப்ஷன் போட்டார், டீம் 3 ஜெயிச்சு 13 தோத்துச்சு. யாரும் அவரைத் தூக்கல, டாம் மூர்ங்கற ஒரே ஆஃபன்ஸ் கோச் பத்து வருஷத்துக்கு மேல அவர் கூடவே இருந்தார், அடுத்த வருஷமே 13 ஜெயிச்சு 3 தோத்தாங்க, நம்பர் அப்படியே தலைகீழ். எங்க பரம எதிரி கிரீன் பே பேக்கர்ஸ் ஆரன் ராட்ஜர்ஸை மூணு வருஷம் உக்கார வெச்சு கத்துக்க விட்டாங்க, ஜோர்டன் லவ்வையும் அதே மாதிரி மூணு வருஷம். எதிரியா இருந்தாலும் அந்தப் பொறுமையை மெச்சித் தான் ஆகணும்.

போன வருஷம் நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு டெட்ராய்ட்ல நடந்த மேட்சை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். 23-20, மூணு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், கடைசி அரை நிமிஷத்துல வில்லியம்ஸை சாய்ச்சிட்டாங்க, ஒரு டைம்அவுட் கையில மிச்சம் இருக்கு, கூப்பிட்டா நிதானமா ஒரு கிக் அடிச்சு சமன் பண்ணலாம். கூப்பிடல. கடிகாரம் ஓடுது, 23 வயசு முடிஞ்சு பத்து நாள் ஆன பையன் தனியா கத்தி எல்லாரையும் வரிசையில நிறுத்தறான், கடைசி செகண்டுகள்ல ஒரு நீளப் பந்து எறியறான், அது விழுந்துடுச்சு, மேட்ச் முடிஞ்சு போச்சு. டைம்அவுட்டை அங்க அவனும் கூப்பிட்டிருக்கலாம், சரி, ஆனா அதுக்குத் தானே கோச்னு ஒருத்தர் ஓரத்துல நிக்கறார்? மறுநாள் கோச்சை அனுப்பிட்டாங்க, சீசன் நடுவுல ஹெட் கோச்சை அனுப்பினது டீம் சரித்திரத்துல அதான் முதல் தடவை. அந்த மேட்ச்ல எதிர் டீமோட ஆஃபன்ஸை நடத்துனது யாருங்கறீங்க, இதே பென் ஜான்சன் தான்.

அவர் மேலயும் இப்ப குறை சொல்றாங்க, ஹெட் கோச்சா முதல் வேலை, ரொம்ப கறார்னு. நான் என் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். இந்த மாசம் என் பையனைக் கூட்டிட்டு லேக் ஃபாரஸ்ட்ல ஹாலஸ் ஹாலுக்கு கேம்ப் பாக்கப் போனேன், டிக்கெட் இலவசம், ஆனா முன்னாடியே ஆன்லைன்ல எடுத்து வெச்சிருக்கணும். வெயில் மண்டையைப் பொளக்குது. ஃபர்ஸ்ட் டீம் வரிசையா நிக்குது, பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் அசைஞ்சுட்டார், விசில். திரும்ப நிக்கறாங்க, இந்த தடவை யாரோ தப்பான பக்கம் நிக்கறாங்க. ஜான்சன் கத்தவே இல்ல, கையை மட்டும் வீசினார், பதினோரு பேரும் வெளிய, ரெண்டாவது டீம் உள்ள. வில்லியம்ஸ் ஹெல்மெட்டோட ஓரத்துல போய் நின்னான், ஆனா தலையைத் தொங்கப் போடல, பக்கத்துல நின்ன புதுப் பையனுக்குக் கையைக் காட்டி எங்க நிக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். எங்க பின்னாடி ஒருத்தர் "போச்சு, இந்த வருஷமும் போச்சு"ன்னார். எனக்கு அப்படித் தோணல. சின்ன வயசுல எனக்கு வீணை சொல்லிக் குடுத்த டீச்சர் ஒரு ஸ்வரம் பிசகினா கையைத் தட்டி நிறுத்தி முதல்ல இருந்து வாசிக்க சொல்லுவாங்க, கச்சேரியில அப்படி நிறுத்த முடியாதுன்னு தானே வீட்ல நிறுத்தறது.

அந்தப் பையன் புதுசா என்ன கத்துக்கறான்னு தெரிஞ்சா அவசரப்பட மாட்டாங்க. காலேஜ்லயும் சரி போன வருஷமும் சரி, அவன் பெரும்பாலும் ஷாட்கன்ல தான் ஆடினான், அதாவது பந்தைக் கால் வழியா பின்னாடி குடுக்கற சென்டருக்கு அஞ்சு யார்டு தள்ளி நின்னு பந்தை வாங்கறது, கண்ணு எப்பவும் முன்னாடியே இருக்கும். ஜான்சன் டெட்ராய்ட்ல ஆடவெச்ச ஆட்டத்துல குவார்ட்டர்பேக் அடிக்கடி சென்டரை ஒட்டி நின்னு கைக்குள்ள பந்தை வாங்கி, திரும்பி, ஓடறவனுக்குக் குடுக்கற மாதிரி காட்டி, அப்புறம் எறியணும். இது லேசுன்னு நினைச்சேன். என் பையன் பள்ளிக்கூட டீம்ல ஆடறான், எங்க டிரைவ்வேல அவன் சிநேகிதன் குனிஞ்சு பந்தை குடுக்க இவன் வாங்கிப் பழகினதை ஒரு வாரம் சமையலறை ஜன்னல் வழியா பார்த்தேன், முதல் நாள் பத்துல நாலு பந்து கீழ விழுந்துச்சு, விரல் வீங்கிப் போய் ஐஸ் வெச்சான். பந்து கைக்கு வந்தா, திரும்பும்போது ஒரு நொடி எதிராளிக்கு முதுகைக் காட்டணும், திரும்பி நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள எல்லாரும் இடம் மாறிடறாங்க. அஞ்சாவது நாள் தான் கால் தன்னால போச்சு. பள்ளிக்கூடப் பையனுக்கே இப்படின்னா, ஹெல்மெட்டுக்குள்ள கோச் குரல் பதினஞ்சு செகண்ட் மிச்சம் இருக்கும்போது கட் ஆகும், அதுக்கு முன்னாடி ஒரு மூச்சுல சொல்லி முடிக்க முடியாத நீளத்துக்கு ஒரு ப்ளே பேரை வாங்கி பத்து பேருக்கும் திருப்பி சொல்லணும், இதை அஞ்சாறு மாசத்துல எப்படிங்க முழுசா மாத்திக்க முடியும்?

கேள்வியே கேக்கக் கூடாதுன்னு சொல்லல, நியாயமான கேள்வி இருக்கு. ஜோ துனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு லைனுக்கு நடுவுல மூணு அனுபவசாலிகளைக் கொண்டு வந்தாங்க, சந்தோஷம், ஆனா லெஃப்ட் டேக்கிள் யாருன்னு இன்னும் முடிவாகல, நாலு பேரு மாறி மாறி நிக்கறாங்க. வலது கைக்காரனுக்கு முதுகுப் பக்கத்தைக் காக்கற ஆள் அவர் தான், அதைப் பத்தி எழுதுங்க. வில்லியம்ஸ் பந்தை சீக்கிரம் எறியப் பழகிட்டானான்னு பாருங்க, அந்தக் குறை நிஜம், நான் மறுக்கல. அதே சமயம் முதல் வருஷத்துல 3,541 யார்டு, 20 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன்ங்கறதையும் சேர்த்துப் போடுங்க. ராம்ஸ் டீம் வேணாம்னு அனுப்பின குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃபை வெச்சு டெட்ராய்ட்ல ஜான்சன் போன சீசன் ஒரு மேட்சுக்கு 33 பாயிண்ட்டுக்கு மேல எடுக்க வெச்சார், லீக்லயே முதல் இடம், அதையும் போடுங்க.

செப்டம்பர் 8 திங்கக்கிழமை ராத்திரி சோல்ஜர் ஃபீல்டுல மினசோட்டா வைக்கிங்ஸ் கூட முதல் நிஜ மேட்ச், உங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை விடியக்காலை 5.45. முடிஞ்சா அந்த மேட்சை யாரையாவது உக்காந்து முழுசா பாக்க சொல்லி, அப்புறம் வில்லியம்ஸ் பத்தி எழுத சொல்லுங்க. அன்னிக்கு எனக்கு சாயங்கால ஷிப்டு, கூட வேலை பாக்கற பொண்ணு கிட்ட மாத்திக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்ப இல்ல, அவர் வீட்டம்மா எங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
அரோரா, இல்லினாய்