சிறு அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி: வாடகைக்கு முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், லாட்ஜ், ரப்பர் கடை என்று சிறிய இடங்கள் பலவும் செம்புக் கம்பி லேண்ட்லைனை விட்டு இணையத் தொலைபேசிக்கு (இணைய இணைப்பின் வழியாகவே பேசும் போனுக்கு) மாறி வருகின்றன. மாறுவது நல்லதுதான். ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசலாம், கூப்பிடுபவருக்கு பிஸி டோன் கேட்பது குறையும். ஆனால் தேர்வு செய்யும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது 'மாசம் எவ்வளவு?' என்ற ஒரு கேள்விதான். அது கடைசியில் கேட்க வேண்டியது. அலுவலகங்களில் இந்த இணைப்புகளை அமைத்துக் கொடுப்பவர்கள் என்ற முறையில், அதற்கு முன் கேட்க வேண்டியவற்றை எழுதுகிறோம்.

முதலாவது, எண். 04652 என்றோ 04651 என்றோ தொடங்கும் பழைய எண் பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் வாடிக்கையாளரின் மனதிலும் பதிந்திருக்கும். செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. லேண்ட்லைன் எண்ணுக்கு அது இங்கே இல்லை. ஆகவே 'உங்க பழைய நம்பரையே கொண்டு வந்திடலாம்' என்று வேறொரு நிறுவனத்தின் ஆள் சொன்னால், எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். வழி இரண்டுதான். எண்ணைக் கொடுத்த நிறுவனத்திடமே கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபருக்கு மாறி அதே எண்ணைத் தொடர முடியுமா என்று விசாரிப்பது ஒன்று. பழைய இணைப்பைக் குறைந்த வாடகையில் வைத்துக்கொண்டு, வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பி விடுவது மற்றொன்று. திருப்பிவிடும் அழைப்புக்குத் தனிக் கட்டணம் ஏறுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். புதிய எண் யார் பெயரில் பதிவாகிறது என்பது இன்னும் முக்கியம். இடைத்தரகர் பெயரில் பதிவானால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் எண்ணும் போய்விடும். உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் ஆவணங்களைக் கொடுத்துத்தான் பதிய வேண்டும்.

சேவை சட்டப்படியானதா என்பதும் இதோடு சேர்ந்தது. 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்திய பிறகு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் வழியாகவும் சாதாரண எண்களோடு பேசும் சேவையைத் தரலாம். அந்த உரிமம் பெற்ற நிறுவனம் எது என்பது ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். வெளிநாட்டு சர்வர் வழியாக அழைப்பை அனுப்பி, அதில் உங்கள் உள்ளூர் எண்ணைக் காட்டுகிறோம் என்று சொல்லும் மலிவுச் சேவைகளைத் தொடவே கூடாது. இந்திய எண் போலக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அழைப்பு போய்ச் சேராது. விசாரணை வந்தால் எண்ணின் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பங்குதாரரோ உறவினரோ துபாயில் இருக்கிறார், அவருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் இல்லாத இணையக் குரல் அழைப்புகளுக்குத் தடை உண்டு. அதை நம்பித் திட்டம் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, கரண்ட். நம் ஊரில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது அதனால்தான். ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக வருவது ஒளி மட்டுமே. அந்த ஒளியை வாங்கி இணையமாக மாற்றித் தரும் ஃபைபர் பெட்டி அணைந்தால் போனும் அணையும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து பிற்பகல் வரை மின்தடை இருக்கும் நாள், அலுவலகத்துக்கு முழு வேலை நாள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

கணக்கு எளிது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 12 வாட். இணையத்தில் பேசும் மேசைப் போனான ஐபி போன் ஒன்றுக்கு 4 வாட் அளவில், எட்டு போனுக்கு 32. அவற்றுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச்சுக்கு இன்னும் சில வாட். மொத்தம் 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் இந்தச் சுமையை மட்டும் தனி லைனில் போட்டால் ஒரு பகலைத் தாராளமாகத் தாங்கும். ஃபேனையும் கணினிகளையும் அதே லைனில் போட்டால்தான் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத சிறு கடைக்கு ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் இருக்கிறது. 2000 மில்லி ஆம்பியர்-மணி செல் நான்கு உள்ளதென்றால் 12 வாட் சுமைக்கு இரண்டு மணி நேரம் எதிர்பார்க்கலாம். வாங்கும் முன் பழைய அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்ப், பின் எந்த அளவு.

கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் மாறும்போது ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிகிறதா என்றும் கவனிக்க வேண்டும். அணைந்தால் பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் எல்லாம் போய்விடும். போன்கள் மறுபடி சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவாகச் சில நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களிடம் பேட்டரி இருந்தும், தெருமுனையில் கேபிள் ஆபரேட்டர் வைத்திருக்கும் கருவிக்கு பேட்டரி இல்லையென்றால் இணைப்பு நிற்கும். 'உங்க ஆபீஸ்ல எத்தனை மணி நேரம் பேக்கப்?' என்று அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, இணைப்பின் தரம். 100 எம்பிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஒரு குரல் அழைப்புக்கு அவ்வளவு தேவையே இல்லை. குரலை எண்களாக்கி அனுப்பும் முறைகளில், ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்குப் போக 87, வர 87 கேபிபிஎஸ். குரலை அதைவிடச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் 31 அளவில். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ்தான். குரலைக் கெடுப்பது மூன்று: தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், வழியில் தொலையும் பாக்கெட்டுகள், அதாவது குரலைச் சுமந்து போகும் சிறு தகவல் துண்டுகள். சொல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஏற்ற இறக்கம் 30 மில்லிசெகண்டுக்குள்ளும், தொலைவது நூற்றுக்கு ஒன்றுக்குள்ளும் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் சோதியுங்கள். சேவை நிறுவனத்திடம் அவர்களின் சர்வர் முகவரியைக் கேட்டு வாங்கி, காலை 11 மணிக்கும் இரவு 8 மணிக்கும், மழை பெய்யும்போது ஒருமுறையும், கணினியிலிருந்து 1000 தடவை பிங் செய்து (சிறு தகவலை அனுப்பி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று) பாருங்கள். கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் செருகியே செய்ய வேண்டும். 1000-இல் பத்துக்கு மேல் தொலைந்தால் அந்த இணைப்பில் போன் வைக்காதீர்கள். சென்னையிலோ மும்பையிலோ உள்ள சர்வராக இருந்தால் போய்வரும் நேரம் 50 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். 200-ஐத் தாண்டினால் சர்வர் வெளிநாட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு பெரிய ஃபைலை மேலேற்றிக்கொண்டே அதே சோதனையைச் செய்யுங்கள். சிசிடிவி காட்சிகளை இணையத்தில் ஏற்றும் கடைகளிலும் ஆல்பம் அனுப்பும் ஸ்டுடியோக்களிலும் குரல் விட்டு விட்டுக் கேட்பதற்குக் காரணம் இந்த மேலேற்றம்தான். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த அப்லோடை உண்மையான வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினால் தீரும். அந்த வசதி இல்லாத ரவுட்டரை மாற்றுங்கள். திட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதைவிட அதில் பலன் அதிகம்.

ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு என்று ஒரு எண் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு எப்போது வேண்டுமானாலும் விழும். மேற்குப் பகுதியில் ரப்பர் மரக் கிளை விழுந்து கேபிள் இழுபடுவதும், சுவர் மூலையில் இறுக்கமாக மடித்து ஆணி அடிப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று நெட்வொர்க் கேபிளின் முனைகளை அரிக்கும். அங்கே ஸ்விட்ச்சை மூடிய பெட்டிக்குள் வைப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தொல்லை வந்தால், பெரும்பாலும் ரவுட்டரின் அமைப்பில்தான் கோளாறு. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால் ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதியை அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து அழைப்பின் முகவரிகளை அது மாற்றி எழுதிவிடுகிறது. பேச்சு ஏறக்குறைய 32 நொடியில் துண்டிக்கப்பட்டால், அழைப்பை உறுதிசெய்யும் பதில் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான், அல்லது ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டராகவும் நீங்கள் வைத்தது இன்னொரு ரவுட்டராகவும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வது. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு, அதாவது ரவுட்டராக வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்லுங்கள். வெளியே அழைக்க முடிகிறது, சற்று நேரம் சும்மா இருந்தால் வரும் அழைப்பு மட்டும் ஒலிப்பதில்லை என்றால், ரவுட்டர் வழியை மூடிவிட்டது. போனில் 20 முதல் 25 நொடிக்கு ஒருமுறை இணைப்பைத் தட்டி எழுப்பும்படி அமைத்தால் போதும். வங்கிக்கு அழைத்து '1-ஐ அழுத்தவும்' என்னும்போது அழுத்தியது ஏறவில்லை என்றால், பொத்தான் ஒலியைக் குரலோடு கலக்காமல் தனியாக அனுப்பும்படி மாற்ற வேண்டும். ஜி.729-இல் அந்த ஒலி சிதைந்துவிடும். ஃபேக்ஸுக்கும் ஜி.729 ஆகாது.

எத்தனை சேனல் வாங்குவது? ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு அழைப்புதான் நடக்கும். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 40 அழைப்பு, சராசரி 3 நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். எந்நேரமும் சராசரியாக இருவர் பேசுவார்கள். அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை என்பதால் 2 சேனல் போதாது. 4 சேனல் வைத்தால் நூற்றில் ஒன்பது பத்து பேருக்கு பிஸி டோன், 5 வைத்தால் நான்கு பேருக்கு, 6 வைத்தால் ஒருவருக்கு. எட்டு பேர் உள்ள அலுவலகத்துக்கு 'ஆளுக்கு இவ்வளவு' என்ற திட்டத்தைவிட 'சேனலுக்கு இவ்வளவு' என்பதே பொதுவாகக் கட்டுப்படியாகும் என்பது எங்கள் கருத்து.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு 0 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். 6 முதல் 9 வரை உள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்ணுக்கு 0-வும், ஆறு இலக்க உள்ளூர் எண்ணுக்கு எஸ்டிடி குறியீடும் தானாகச் சேரும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். வரவேற்புக் குரலில் தமிழுக்கு அடுத்து மலையாளமும் இருப்பது களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிக் கடைகளுக்குப் பயன்படும்.

பாதுகாப்பை யாரும் கேட்பதே இல்லை. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று விட்டுவைத்தால், இணையத் தொலைபேசிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பு வாசலான 5060 என்ற போர்ட்டைத் தேடி இரவும் பகலும் இணையத்தில் அலையும் நிரல்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். சனிக்கிழமை இரவு அலுவலகம் பூட்டிய பிறகு வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு மணிக்கணக்கில் அழைப்பு போகும், பில் உங்களுக்கு வரும். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே அடைக்கச் சொல்லுங்கள். தேவை என்றால் எந்த நாடு, நாளுக்கு எவ்வளவு ரூபாய் என்று வரம்பு வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் 16 எழுத்துக்குக் குறையக் கூடாது.

இனி வாடகை. சேனல் வாடகை, எண்ணின் வாடகை, நிமிடக் கட்டணம், அமைப்புச் செலவு எல்லாவற்றோடும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். 60 நொடி பல்ஸ் என்றால் 65 நொடி பேசியது 2 நிமிடமாகக் கணக்காகும். 'அன்லிமிடெட்' என்பதற்கு மாத நிமிட வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்தில் எடுத்து, பிறகு ஆண்டுத் திட்டத்துக்குப் போவதே சரி. ஆண்டுத் தள்ளுபடிக்காக முதல் நாளே பணத்தைக் கட்டியவருக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

108, 112 போன்ற அவசர எண்களுக்கு இணையத் தொலைபேசியை நம்ப வேண்டாம். எண் பதிவான முகவரி ஒன்று, நீங்கள் இருக்கும் இடம் வேறு என்று ஆகிவிடலாம். சிம் போட்ட சாதாரண செல்போன் ஒன்று சார்ஜோடு மேசையில் இருக்கட்டும். பழைய லேண்ட்லைனையும் உடனே சரண்டர் செய்யாமல், புதிய எண்ணில் இரண்டு பில் காலம் கழியும்வரை வைத்திருந்து, அதன் பிறகு எழுத்து மூலம் விண்ணப்பித்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அலுவலகத் தொலைபேசி அமைப்புப் பணியாளர்கள்,
நாகர்கோவில்.